தோப்பு இருந்த பக்கம்

பிப்ரவரி 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் தையல் மிஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீயும் உன் பையனும் மருமகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஹாலில் எல்லோரும் இருப்பார்கள், போன் வேண்டாம், எழுதினால் நிதானமாகப் படிப்பேன் என்று போன தடவை சொன்னாய். எழுதுவதற்கு இப்போதுதான் ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

நம் வீட்டுக்குப் பின்னால் காடு எரிகிறது. பயந்துவிடாதே, ரொம்பத் தூரத்தில். மலையின் மூன்றாவது மடிப்பில். பகலில் பார்த்தால் அங்கே யாரோ அடுப்பு மூட்டிவிட்டு மறந்து போனது மாதிரி ஒரு புகை. இருட்டிய பிறகு ஒரு சிவப்புக் கோடு, துணியில் ஓட்டுத் தையல் போட்டது போல விட்டு விட்டுத் தெரிகிறது.

நேற்று தீயணைக்கும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். நம் தெருதான் கடைசி, தெருவில் நம் வீடு கடைசி. அதனால் நம் வேலியோரம்தான் லாரிகளை நிறுத்தியிருக்கிறார்கள். குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்று நான் சமையலறை ஜன்னலில் காத்துக்கொண்டு நின்றால், ஆளுக்கு ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக மேலே ஏறிப் போனார்கள். அவர்களின் தலைவரை ஆட்கள் மாஸ்டர் என்கிறார்கள். அவரிடம் கேட்டேன்.

"இந்த மலையில தண்ணிக்கு எங்கம்மா போறது? தீ திங்கறதுக்கு எதுவும் இல்லாம மண்ணு தெரியற வரைக்கும் சுரண்டி விட்டுடுவோம். பசியில தானா சாகும்" என்றார்.

ஸ்கூல் யூனிபார்ம் பாதி தைத்தபடி கிடக்கிறது. மிஷினில் உட்கார்ந்தால் காது பின்பக்கமே போகிறது. உன் அண்ணன் போன பிறகு அந்தப் பக்கம் மனிதக் குரல் கேட்பது இதுதான் முதல் தடவை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பாவின் வணக்கம். ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குகிறவளைப் பாப்பா என்று கூப்பிட இனி நீங்கள் ஒருத்திதான். அதனால் உங்கள் கடிதம் வந்தால் முதல் வரியை மட்டும் இரண்டு தடவை படிப்பேன். இங்கே எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான்.

அண்ணி, என்ன இது, காடு எரிகிறது என்று சினிமா பார்த்த கதை மாதிரி எழுதியிருக்கிறீர்கள்! படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனியாக அங்கே என்ன செய்கிறீர்கள்? நாலு புடவையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பி வாருங்கள். நம் வீடு எதற்கு இருக்கிறது? நான் இப்போது ஹாலில்தான் கட்டில் போட்டுக்கொண்டிருக்கிறேன், காற்று நன்றாக வருகிறது. பக்கத்தில் பாயைப் போட்டால் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கலாம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரான் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்தே காலம் போய்விட்டது. என் பேச்சைக் கேட்க ஒரு ஆள் வேண்டாமா?

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நம் தோப்புக்கு ஒன்றும் ஆகாதே? நானும் அண்ணனும் குடம் குடமாக ஊற்றி வளர்த்த தைலமரங்கள். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின கோடையில் நட்டது. கண்ணை மூடினால் அந்த வாசனைதான். மரங்களைப் பற்றித் தனியாக இரண்டு வரி எழுதுங்கள்.

என்றைக்கு வருகிறீர்கள்?

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
பாப்பா


மார்ச் 6

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மருந்தை மறக்காதே.

வருகிறேன். கடிதத்தைப் படித்த உடனே முடிவு பண்ணிவிட்டேன். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் குடும்பம் நேற்றுக் காலி பண்ணிப் போய்விட்டது. அவர் பெண்டாட்டி போகும்போது, "நீங்க எங்க போறீங்க?" என்றாள். "என் நாத்தனார் வரச் சொல்லியிருக்கா" என்றேன். தெருவில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன்.

மாஸ்டரும் வந்து கேட்டார். நெருப்பு இரண்டாவது மடிப்பைத் தாண்டிவிட்டதாம். "நாள் தள்ளாதீங்கம்மா" என்றார். உன் மருமகளுக்கு எந்த நாள் தோது என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடு. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கக் கூடாது இல்லையா. உனக்கு ஒரு நைட்டி தைத்து வைத்திருக்கிறேன். மருமகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. அளவு ஜாக்கெட் ஒன்று எடுத்து வைக்கச் சொல், அங்கேயே தைத்துக் கொடுத்துவிடுகிறேன். இடுப்பில் டேப் தொங்காவிட்டால் எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது.

யூனிபார்ம் வேலையை இரண்டு நாளில் முடித்துக் கொடுத்துவிடுவேன். பையைக் கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மரங்கள் நன்றாக இருக்கின்றன.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? போன கடிதம் வந்து சேர்ந்ததோ இல்லையோ என்று இதை எழுதுகிறேன். தபால்காரர் இப்போது மேலே வருவதில்லை. பஸ்ஸும் நின்றுவிட்டது. மலைப்பாதையில் புகை அவ்வளவு. போனும் செத்துவிட்டது. தண்ணீர் லாரிக்காரர்தான் கீழே போகும்போதெல்லாம் தபால் ஆபீசில் விசாரித்துவிட்டு வருகிறார். நல்ல மனிதர். தூரத்தில் வரும்போதே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டிவிடுகிறார், நான் முழங்காலோடு ஓடி வர வேண்டாம் என்று.

தெருவில் நான் மட்டும்தான் இருக்கிறேன். ஆனால் பொழுது போகவில்லை என்று சொன்னால் பொய். முதல் நாள் ஒரு ஆள், முள் கிழித்த பேண்ட்டை இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நீட்டினார். தைத்துக் கொடுத்தேன். மறுநாள் திண்டாட்டம்தான், பத்துப் பேண்ட் வந்தது. எல்லாம் ஒரே காக்கி, ஒரே கரி. யாருடையது எது என்று தெரியவில்லை. ஆளுக்கு ஒரு நிற நூலில் மடிப்புக்குள்ளே ஒரு தையல் போட்டு வைத்தேன். இப்போது அவர்கள் ஒருவரை ஒருவர் "ஏய் பச்சை", "ஏய் ஊதா" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தீயை அடிப்பதற்கு நீளக் கழியில் கேன்வாஸ் பட்டை கட்டியிருப்பார்கள். அது நாளைக்கு ஒன்று கருகிப் போகிறது. அதையும் நான்தான் தைக்கிறேன். ஊசி ஒடிந்து ஒடிந்து மாளவில்லை.

சாயங்காலம் இறங்கி வந்து பின்படியில் வரிசையாக உட்காருவார்கள். கண் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். டீ போட்டுக் கொடுப்பேன். வயர்லெஸ் பெட்டியை வைத்திருக்கும் ரேடியோக்காரர் தினமும் கேட்பார், "அம்மா, நாத்தனார் கடுதாசி வந்துச்சா?" என்று. இப்போது எல்லோருமே கேட்கிறார்கள். வந்துவிடும் என்கிறேன்.

ஒருவேளை வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா? அதை மட்டுமாவது எழுது.

உன் அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோரும் நலம்.

நீங்கள் வருவதாக எழுதியது பற்றி எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆனால் பாருங்கள், நேரம் பார்த்து வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்துவிட்டார்கள். சாமானெல்லாம் நடு ஹாலில் குவிந்து கிடக்கிறது. கால் வைக்க இடமில்லை. பெயிண்ட் வாசனை உங்களுக்கும் ஆகாது. கொஞ்சம் முடியட்டும் அண்ணி. முடிந்ததும் நானே எழுதுகிறேன்.

அதுவரை ஸ்கூலிலோ வேறு எங்கோ தங்க வைக்க மாட்டார்களா? கம்பவுண்டர் வீட்டோடு போயிருக்கலாமே. நீங்கள் எப்போதுமே யாரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டீர்கள்.

தோப்பைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். காய்ந்த பட்டை உரிந்து கிடக்குமே, கூட்டிவிடச் சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பா


ஏப்ரல் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் பதினைந்து நாள் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். மேலே வேலையாக இருந்தவர்கள்கூட மண்வெட்டியைத் தூக்கி ஆட்டினார்கள். படித்து முடித்த பிறகு ரேடியோக்காரர், "என்னம்மா, எப்ப கிளம்பறீங்க?" என்றார். "வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கறாங்களாம்" என்றேன். பச்சை நூல்காரர் எழுந்து போய் எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

பெயிண்ட் அடித்தது நல்லதுதான். வருஷக்கணக்கில் நிற்கும்.

இதற்குள் இங்கே நெருப்பு நம் பக்கம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சமையலறை ஜன்னல் கண்ணாடி ஒன்று வெடித்தது. பின்கதவில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. எனக்குப் புருவம் கொஞ்சம் பொசுங்கிவிட்டது, வரைந்துகொண்டால் சரியாகிவிடும். ஆட்களில் ஒருவருக்குக் கணுக்காலில் காயம். மற்றபடி எல்லோரும் பத்திரம்.

இப்போது மேலே ஆங்காங்கே கனன்று கொண்டிருப்பதை அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டர் நேற்று, "இனிமே பயமில்லம்மா. இந்த மாசக் கடைசியில நாங்க கிளம்பிடுவோம்" என்று ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வீடு தப்பித்தது என்று படித்தேன். அண்ணன் கைகொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார் என்றுதான் சொல்வேன்.

இத்தனை நாளாக மனதில் வைத்திருந்த ஒன்றை இப்போது சொல்கிறேன். சிரிக்கக் கூடாது. தோப்புக்கு நடுவில் எனக்கு ஒரு சின்ன அறை கட்டிக்கொள்ளலாமா? பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ள ஒரு கதவு. உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. நீங்கள் மிஷின் ஓட்டும் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தால் போதும். அண்ணன் இருக்கும்போதே சொல்லியிருக்கிறார், "பாப்பா, எப்ப வேணும்னாலும் வா, இது உன் தோப்பு" என்று. தூக்கம் வராதபோதெல்லாம் அந்த அறைக்கு ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன். அதிலேயே தூங்கிவிடுவேன்.

எந்த மரத்தையும் வெட்டாமல் இடைவெளியில் கட்ட வேண்டும். நீங்கள்தான் டேப்பும் கையுமாக இருப்பீர்களே, ஒரு நாள் அளந்து பார்த்து எழுதுங்களேன்.

பதிலை எதிர்பார்க்கும்
பாப்பா


மே 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. அறை கட்டுவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

போன வாரம் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். காலையில் லாரிகளில் சாமானை ஏற்றினார்கள். மாஸ்டர் பின்படியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "அடுத்த கோடையில..." என்று ஆரம்பித்தவர், "ச்சே, என்ன வாய் இது" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு லாரிகள் திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

கம்பவுண்டர் குடும்பம் இன்னும் திரும்பவில்லை. ஸ்கூல் லீவு. தைக்க ஒன்றும் இல்லை.

போகும்போது மாஸ்டர் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். வேரோடு வேராக மண்ணுக்கு அடியில் சூடு ஒளிந்திருக்குமாம். புறங்கையை மண்ணுக்கு மேலே பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கைக்குச் சீக்கிரம் தெரியாது, புறங்கைக்குத் தெரியும் என்றார். எங்காவது சுட்டால் உடனே தகவல் சொல்ல வேண்டும், ஜீப்பில் வந்துவிடுவார்களாம். போனையும் சரி செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் குனிந்து குனிந்து கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். எல்லா இடமும் ஆறிப்போய்த்தான் இருக்கிறது. சில இடங்களில் இன்னும் கொஞ்ச நேரம் கையை வைத்துப் பார்க்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


மே 31

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானே? நீ எழுதவில்லை. அளந்து எழுதச் சொல்லியும் நான் எழுதவில்லை என்ற கோபமாக இருக்கும். அளக்க அங்கே மரம் இல்லை பாப்பா. தோப்பு போய்விட்டது. நெருப்பு வந்து எரிக்கவில்லை. நாங்கள் கொளுத்தினோம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினார்கள். காற்று திரும்பிவிட்டது. மலைச்சரிவு முழுக்கச் சத்தம், நூறு தறி ஒன்றாக ஓடுகிற மாதிரி. மாஸ்டர் பின்படிக்கு வந்தார்.

"அம்மா, அந்தத் தோப்பை நாங்களே கொளுத்தணும்" என்றார்.

"எந்தத் தோப்பை?" என்றேன். வேறு தோப்பு இருக்கிற மாதிரி.

"அது மரமில்லம்மா. நிறுத்தி வச்ச எண்ணெய் டின்னு. மேல இருந்து வர்ற தீ அதுல ஏறிடுச்சுன்னா உங்க வீடும் இல்ல, தெருவும் இல்ல. நாங்க இங்க இருந்து வச்சு மேல பாத்து அனுப்பிட்டோம்னா, ரெண்டும் நடுவுல மோதிப் படுத்துடும். காத்து இப்பக் கொஞ்சம் மூச்சு வாங்குது. இதை விட்டா நேரமில்ல. உங்க எடம். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"வேற வழியே இல்லையா?"

"இருந்தா உங்க முன்னாடி வந்து இப்படி நிப்பேனா?"

சரி என்றேன்.

ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தோப்புக்குள்ளே போனேன். இரண்டு மரத்துக்கு நடுவில் கொடி கட்டியிருந்தேன், துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் போய் எடுத்தேன். ஊரே எரியும்போது ரவிக்கையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள் ஒருத்தி என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். பிறகு வேலியோரமாக வரிசையாக நின்று தீ வைத்தார்கள். காய்ந்த பட்டையில் பிடித்து ஒரே மூச்சில் உச்சிக்குப் போனது. தண்ணீர் லாரியின் குழாயைப் பிடித்து வீட்டுப் பக்கம் ஆட்கள் நின்றார்கள். நான் ஈரச் சாக்கோடு நின்றேன். இலையெல்லாம் படபடவென்று வெடித்தது. தைல வாசனை மூக்கைப் பிடுங்கியது. அந்த நேரத்திலும் ஊதா நூல்காரர், "ஊருக்கே ஆவி பிடிச்சாச்சு, இந்த வருஷம் யாருக்கும் சளி கிடையாது" என்று கத்தினார். நான் சிரித்துவிட்டேன் பாப்பா. உன் அண்ணன் மரங்கள் எரிகின்றன, நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இரண்டு நெருப்பும் மோதிக்கொண்ட இடத்தில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வந்தது. பிறகு அடங்கிவிட்டது.

இவ்வளவும் சொல்வது எளிது. சொல்ல முடியாமல் இருந்தது வேறு. மாஸ்டர் கேட்டதும் நான் யோசித்தேனா என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் சீக்கிரமாகவே சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு அந்தத் தோப்பைப் பிடித்ததே இல்லை. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் நீயும் அவரும் அங்கே போய் உட்காருவீர்கள். சமையலறைக்குச் சிரிப்புச் சத்தம் வரும். நான் டீ எடுத்துக்கொண்டு வந்தால் பேச்சு நின்றுவிடும். டம்ளரை வாங்கிக்கொள்வீர்கள். நான் திரும்பி நாலு எட்டு வைத்த பிறகுதான் மறுபடி பேச்சு தொடங்கும். நீ ஊருக்குப் போன பிறகு அவர் அங்கே தனியாகப் போய் உட்காருவார். என்னைக் கூப்பிட்டதில்லை.

அதனால்தான் கேட்டவுடன் கொடுத்தேனோ என்னவோ. தெரியவில்லை. வீடு தப்பித்தது என்பது உண்மை. இதுவும் உண்மை. உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பதில் எழுதாவிட்டால் புரிந்துகொள்வேன்.

அண்ணி


ஜூன் 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் குளியலறையில் போய்ப் படித்தேன். இந்த வீட்டில் நான் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய இடம் அது ஒன்றுதான். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணனுக்காக அழுதேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன். நீங்கள் உண்மையை எழுதிய பிறகு நான் பொய் எழுதக் கூடாது. இனி எங்கே போவேன் என்றுதான் அழுதேன்.

பெயிண்டும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. நம் வீடு நம் வீடு என்று எழுதினேனே, இது பையனின் வீடுகூட இல்லை. மருமகளின் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஹாலில் காற்று வருகிறது என்பதற்காக நான் அங்கே படுக்கவில்லை. வேறு இடம் இல்லை. எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் கட்டிலை விரிக்க வேண்டும். மருமகள் கெட்டவள் இல்லை அண்ணி. என் மாத்திரையை அவள்தான் மறக்காமல் எடுத்துக் கொடுக்கிறாள். நீங்கள் வருவதாக எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் போய்ச் சொன்னேன்.

"எத்தனை நாளைக்கு, அத்தை?" என்றாள்.

அவ்வளவுதான். முகத்தில் கோபம்கூட இல்லை. கேட்க வேண்டிய கேள்விதானே. எனக்குத்தான் என்னையும் சேர்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு நாளும், இன்று எழுதிவிடலாம் என்று பேனாவை எடுப்பேன், மூடி வைத்துவிடுவேன். நீங்கள் பையைக் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அந்த நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் பதிலுக்காகத்தான் என்று எனக்குத் தெரியாதா? ஒரு இடத்தில்கூட நீங்கள் அதை எழுதவில்லை. லாரிக்காரர் தலையாட்டினார் என்றுதான் எழுதினீர்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீங்கள் டீ கொண்டுவரும்போது நாங்கள் பேச்சை நிறுத்தியது நிஜம். பேச்சே உங்களைப் பற்றித்தான். "அவகிட்ட எதைப் பேசறதுன்னே எனக்குத் தெரியல பாப்பா. அவபாட்டுக்கு மிஷின்ல உக்காந்துடறா. நான் போய் நின்னா நூலைக் கடிச்சிக்கிட்டே என்னன்னு நிமிந்து பாக்கறா. எனக்கு வந்த விஷயமே மறந்துடும்" என்பார். நான் கேலி பண்ணுவேன். "போய் சட்டையில பட்டன் அறுந்துடுச்சுன்னு சொல்லு" என்பேன். அவர் சட்டையில் அத்தனை தடவை பட்டன் அறுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அவரேதான் பிய்ப்பார். இதை அப்போதே உங்களிடம் சொல்லியிருக்கலாம். அண்ணன் ரகசியம் என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு கர்வம்.

அங்கே வரட்டுமா என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வா என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவள் எந்த முகத்தோடு கேட்பது? அதனால் கேட்கவில்லை.

பாப்பா


ஜூலை 1

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பட்டன் விஷயம் எனக்குத் தெரியாது. நூல் சரியில்லை என்று கடைக்காரரை இரண்டு தடவை திட்டியிருக்கிறேன், பாவம்.

முன் அறையில் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு உன் கட்டிலுக்கு இடம் பண்ணியிருக்கிறேன். ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு. துருப்பிடித்துக் கிடந்தது, எண்ணெய் விட்டு இழுத்துப் பார்த்தேன், நன்றாக விழுகிறது. எத்தனை நாளைக்கு என்று நீயும் எழுதாதே, நானும் கேட்கப் போவதில்லை. மருமகளிடம் மட்டும் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதே. மாத்திரைச் சீட்டை அவளிடம் கேட்டு வாங்கி வா. அந்த அளவு ஜாக்கெட்டையும் மறக்காதே.

நான் கலகலவென்று பேசுகிறவள் இல்லை. வந்த பிறகு, அண்ணி ஏன் இப்படி உம்மென்று இருக்கிறாள் என்று நினைக்கக் கூடாது. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் நீயும் ஒரு பட்டனைப் பிய்த்துக்கொண்டு வா.

பஸ் இப்போது ஓடுகிறது. மலைப்பாதைக் கடைசி வளைவில் இறங்கு. முன்பெல்லாம் அங்கே இறங்கினால் நம் வீடு கண்ணுக்குத் தெரியாது. தோப்பைச் சுற்றிக்கொண்டு நடந்து, தெருமுனை திரும்பினால்தான் தெரியும். இப்போது நடுவில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. நீ பஸ் படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைக்கும்போதே பின்படியிலிருந்து நான் பார்த்துவிடுவேன். நீயும் நிமிர்ந்து பார்த்தால் நான் தெரிவேன். சுற்றிக்கொண்டு வராதே. அப்படியே நேராக நடந்து வா.

தரையெல்லாம் கரி. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வராதே.

உன் அண்ணி